மலையகப் பிள்ளையின் சுமைக் கணக்கு

பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பஜாரில் கடை உடைத்தோ, பஸ்ஸில் பணப்பையை எடுத்தோ பிடிபட்டால், பொழுது சாய்வதற்குள் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் காரணம் முடிவாகிவிடுகிறது. "தாய்க்காரி வெளிநாட்டுல, தகப்பன் குடி, சேர்க்கை சரியில்ல." ஊர் சொல்வது வெறும் பேச்சல்ல, மூன்றுமே ஆய்வுகளிலும் உள்ளவைதான். ஆனால் அதே லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், நாலு காம்பரா (அறை) தள்ளி, அதே மூன்றையும் வைத்துக்கொண்டு இன்னொரு பையன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு யாரும் காரணம் தேடுவதில்லை. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

பிடிபட்ட பிறகு பின்னால் திரும்பிப் பார்ப்பதில் ஒரு கோளாறு உண்டு. கெட்டுப்போனான் என்று ஊர் முடிவு கட்டிவிட்ட பிள்ளையின் வீட்டில் தேடினால் ஏதாவதொரு குறை அகப்படாமல் போகாது. அதனால் நல்ல ஆய்வுகள் எதிர்த்திசையில் நடக்கின்றன. எந்தத் தவறும் நடக்கும் முன்பே, ஒரு பகுதியிலுள்ள பிள்ளைகளின் வீடு, சாப்பாடு, படிப்பு, சுபாவம் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு, இருபது முப்பது வருடம் காத்திருப்பார்கள். தென் லண்டனில் 1961இல் டொனால்ட் வெஸ்ட் 411 பையன்களோடு தொடங்கி, டேவிட் ஃபாரிங்டன் தொடர்ந்து நடத்திய ஆய்வு அப்படிப்பட்டது. பின்னால் நீதிமன்றம் போனவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியவை, எட்டு முதல் பத்து வயதுக்குள்ளேயே தெரிந்தவை: வறுமை, பிள்ளைகள் அதிகமுள்ள வீடு, தண்டனை பெற்ற தாய் தகப்பன், கண்காணிப்பில்லாத வளர்ப்பு, படிப்பில் பின்தங்கல், யோசிக்காமல் பாயும் சுபாவம். அந்த 411 பேரில் ஏறக்குறைய 7 சதவீதமானோர் மட்டுமே பதிவான குற்றங்களில் பாதிக்குப் பொறுப்பானவர்கள்.

நியூசிலாந்தின் டனீடினில் 1972-73இல் பிறந்த 1,037 பிள்ளைகளைப் பின்தொடரும் ஆய்வில் பணியாற்றிய டெர்ரி மொஃபிட், 1993இல் ஒரு பிரிப்பைச் சொன்னார். சின்ன வயதிலிருந்தே அடிதடி, பொய், அடங்காமை என்று வந்து பெரியவனான பிறகும் தொடர்பவர்கள் ஒரு சிறு கூட்டம். பதின்வயதில் மட்டும் தடம் மாறி, இருபதுகளில் தானாகத் திரும்பிவிடுபவர்கள் பெரிய கூட்டம். தோட்டப் பாடசாலை ஆசிரியருக்கு இது நேரடியாக உதவும். பதினான்கு வயதுவரை ஒழுங்காக இருந்த பையன் திடீரென்று மாவா என்ற போதைப் பாக்கை வாங்கிப் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு சுற்றினால், அவனைக் 'கள்ளன்' என்று முத்திரை குத்தாமல் பாடசாலைக்குள் பிடித்து வைத்திருப்பதே பாதி வேலை. ஆறு வயதிலேயே தினமும் மற்றப் பிள்ளைகளை அடித்து, வாசிக்கவும் வராமல் தவிக்கும் பிள்ளைக்குத்தான் அவசரம். நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது: பதினான்கு வயதுக்காரனைப் பொலிஸுக்குச் சொல்கிறோம், ஆறு வயதுக்காரனைச் 'சுட்டிப்பய' என்று விட்டுவிடுகிறோம்.

லண்டனும் டனீடினும் நகரங்கள். தோட்டத்துக்கு அவை பொருந்துமா என்று கேட்பது நியாயமான கேள்வி. பொருத்திப் பார்க்க இரண்டு தீவுகள் இருக்கின்றன, ஆய்வு தொடங்கிய காலத்தில் இரண்டும் கரும்புத் தோட்டத் தீவுகள். இந்தத் துறையில் மலையகத்துக்கு மிக நெருக்கமாகப் பேசும் ஆய்வுகள் அவை என்பது எங்கள் எண்ணம். ஆனால் இங்கே அவற்றைப் பற்றி யாரும் பேசிக் கேட்பது அரிது.

ஒன்று ஹவாயின் கவாய் தீவு. 1955இல் அங்கே பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பின்தொடர்ந்தார்கள். பெற்றோரில் பலர் கரும்பு, அன்னாசித் தோட்டங்களில் வேலைக்கென்று ஆசியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்களின் வழிவந்தவர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் வறுமை, பிரசவச் சிக்கல், வீட்டுச் சண்டை, தகப்பனின் குடி, தாயின் மனநோய் என்று பலவற்றைச் சேர்த்துச் சுமந்தார்கள். இரண்டு வயதுக்குள் நான்கோ அதற்கு மேலோ இப்படிச் சேர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பின்னால் படிப்பிலோ நடத்தையிலோ மனநலத்திலோ சிக்கல் வந்தது. மீதி ஒரு பங்கு, 72 பேர், நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவை பெரிய விஷயங்களல்ல. தாய் தகப்பன் இல்லாவிட்டாலும் நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு நிதானமான பெரியவர், பல வீடுகளில் பாட்டி அல்லது அக்கா. வீட்டில் தன் பங்குக்கு ஒரு வேலை. பேர் சொல்லி விசாரிக்கும் ஓர் ஆசிரியர். இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பதின்வயதில் சட்டத்தில் மாட்டிய கவாய்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதுக்குள் ஒழுங்கான வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டார்கள்.

மற்றது மொரீசியஸ். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நிறைந்த நாடு. தமிழரும் அதில் உண்டு. அங்கே மூன்று வயதில் பரிசோதிக்கப்பட்ட 1,795 பிள்ளைகளில் பெரும்பான்மையோர் இந்திய வம்சாவளியினர். கடைவாய்ப் புண், நிறம் மங்கிய முடி, அடர்த்தி குறைந்த முடி, இரத்தச்சோகை ஆகிய நான்கையும் வைத்து ஊட்டக்குறைவைப் பார்த்தார்கள். மூன்று வயதில் இந்த அடையாளங்கள் உள்ள பிள்ளைகள் எட்டு, பதினொன்று, பதினேழு வயதுகளில் கூடுதலான மூர்க்கமும் அடங்காமையும் காட்டினார்கள். அடையாளம் கூடக்கூடப் பிரச்சினையும் கூடியது. பசி பிள்ளையை முரடனாக்குகிறது என்று இதை நேரடியாகப் படிக்கக்கூடாது. ஊட்டக்குறைவு மூளை வளர்ச்சியைக் குறைக்கிறது. அதனால் படிப்பு ஏறவில்லை. தன்னை அடக்கிக்கொள்ளும் திறனும் குறைகிறது. ஆய்வாளர்கள் சொல்லும் வழி அதுதான்.

அந்தப் பிள்ளைகளில் 100 பேருக்கு மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை இரண்டு வருடம் தனியாக ஒரு ஏற்பாடு நடந்தது. பால், பழச்சாறு, மீனோ இறைச்சியோ சேர்ந்த சூடான சாப்பாடு, தினமும் ஓடியாடும் நேரம், ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை. அவ்வளவுதான். இருபத்து மூன்று வயதில் விசாரித்தபோது, தாங்களே ஒப்புக்கொண்ட குற்றங்களில் ஈடுபட்டவர்கள் சாதாரண முறையில் வளர்ந்தோரில் ஏறக்குறைய 36 சதவீதம். இந்த ஏற்பாட்டில் இருந்தோரில் ஏறக்குறைய 24 சதவீதம். நடத்தைக் கோளாறு குறைந்தது, மூன்று வயதில் ஊட்டக்குறைவோடு இருந்த பிள்ளைகளிடம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

இதை வைத்துக்கொண்டு இங்கே திரும்பிப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் மக்கட்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். இளைஞர் குற்றத்தைப் பற்றிய கூட்டம் பொலிஸ் நிலையத்தில் நடக்கிறது; தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில் நடந்தால் பொருத்தமாக இருக்கும். தோட்டத்தில் பிள்ளை மடுவம் ஏற்கனவே இருக்கிறது, மிட்வைப் (மருத்துவச்சி) வருகிறார், திரிபோஷா என்ற சத்துமா 1973இலிருந்து இருக்கிறது. குறைவது எங்கே என்றால், ஒரே ஆயா கையில் கைக்குழந்தையும் நாலு வயதுப் பிள்ளையும் சேர்ந்து கிடப்பது. திரிபோஷா பாக்கெட் வீட்டுக்குப் போனதும் எல்லோருக்கும் பங்காகிவிடுவது. நிறை குறைந்த பிள்ளையைச் சுகாதார விருத்திப் பதிவேட்டில் குறித்துவிட்டு அதோடு நிறுத்திவிடுவது. அந்தப் பதிவேட்டில் நிறைக் கோடு கீழே இறங்கிய பிள்ளைக்குத் திரிபோஷாவை மடுவத்திலேயே, கண்முன்னால், காலை பத்து மணிக்கு உருண்டையாகவோ கஞ்சியாகவோ கொடுப்பது ஒரு மாற்றம். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரமாவது தனியாகப் பிரித்து, பேச, பாட, ஓடவிடுவது இன்னொரு மாற்றம். இரண்டுக்கும் புதுக் கட்டடம் தேவையில்லை.

மூன்று வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடுவதாக அர்த்தமில்லை. அடுத்த சுமை ஆறு வயதில் வருகிறது, அதைத் தோட்டத்துக்கு வெளியே உள்ளவர்கள் சரியாகக் கவனிப்பதில்லை. மடுவம் ஐந்து வயதோடு பிள்ளையை விட்டுவிடுகிறது. பாடசாலை பகல் ஒன்றரைக்கு முடிகிறது. கொழுந்து நிறுத்துத் தாய் லயத்துக்கு ஏறி வர மாலை ஐந்தாகும். நடுவில் மூன்றரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், அந்தப் பிள்ளை யாருடைய பொறுப்பிலும் இல்லை. லண்டன் ஆய்விலும், பிட்ஸ்பர்க்கில் 1987இல் 1,517 பையன்களோடு தொடங்கிய ஆய்விலும் திரும்பத் திரும்ப வந்த காரணி பெற்றோரின் கண்காணிப்பு: பிள்ளை இப்போது எங்கே, யாரோடு, எப்போது வருவான் என்ற மூன்று கேள்விக்கு வீட்டில் யாருக்காவது பதில் தெரியுமா என்பது. தாய்க்குத் தெரிய வேண்டுமென்பதில்லை. ஒரு பெயர் இருந்தால் போதும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மாயி (பாட்டி) ஒருவர் லயத்து முற்றத்தில் ஐந்தாறு பிள்ளைகளை உட்கார வைத்து, வந்தவர் யார், வராதவர் யார் என்று பார்த்தாலே அந்த இடைவெளி பாதி மூடுகிறது. அதற்கு அவருக்கு மாதம் ஒரு தொகை கொடுக்க வேண்டும். இலவசமாகக் கேட்டால் இரண்டு மாதத்தில் நின்றுபோகும். அவருக்கும் விறகு, தண்ணீர், பேரப்பிள்ளை என்று வேலை இருக்கிறது.

தாய் வெளிநாடு போவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையகத்தில் பழியெல்லாம் அந்தத் தலையில்தான் விழுகிறது. ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளையுள்ள பெண்கள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகக்கூடாதென்று 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற கட்டுப்பாடே வந்தது; 2022இல்தான் அது தளர்த்தப்பட்டது. ஆய்வு என்ன சொல்கிறது? ஜோன் மக்கோர்ட் 1982இல் பொஸ்டன் பகுதிப் பையன்களை நாலு விதமாகப் பிரித்துப் பார்த்தார். தகப்பன் இல்லாமல், தாயின் அன்பும் கிடைக்காமல் வளர்ந்தவர்களில் 62 சதவீதம் குற்றத்தில் மாட்டினார்கள். தாய் தகப்பன் இருவரும் கூடவே இருந்து ஓயாமல் சண்டை போட்ட வீட்டில் 52 சதவீதம். இருவரும் சண்டையில்லாமல் இருந்த வீட்டில் 26 சதவீதம். தகப்பன் இல்லாமல், ஆனால் அன்பான தாயோடு வளர்ந்தவர்களில் 22 சதவீதம். குடும்பம் காகிதத்தில் முழுதாக இருப்பதை விட, வீட்டுக்குள் அடிதடி இருக்கிறதா, பாசமாக ஓர் ஆள் இருக்கிறாரா என்பதே கணக்கில் வருகிறது. குடித்துவிட்டு அடிக்கும் தகப்பனோடு தாயும் கூடவே இருக்கும் காம்பராவை 'முழுக் குடும்பம்' என்றும், தாய் குவைத்தில் இருக்க நிதானமான பாட்டி பார்த்துக்கொள்ளும் காம்பராவை 'உடைந்த குடும்பம்' என்றும் படிவத்தில் குறித்தால், சுமை எங்கே இருக்கிறதோ அங்கே பார்க்காமல் விட்டதாக முடியும்.

போவதென்று முடிவான தாய்க்கு இது உதவும் வழி. பிள்ளைக்குப் பொறுப்பு ஒரே ஓர் ஆள் என்று போகும் முன் முடிவு செய்து, அவர் பெயரை வகுப்பாசிரியரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் எழுத்தில் கொடுக்க வேண்டும். 'எல்லாரும் பார்த்துக்குவாங்க' என்பது நடக்காது. ஆறு மாதத்தில் பிள்ளை நாலு வீடு மாறியிருக்கும், ஒவ்வொரு மாற்றமும் புதிய பிரிவு. காசு அந்தப் பொறுப்பாளர் பெயரில் வர வேண்டும், தகப்பன் பெயரில் அல்ல, அவர் குடிப்பவராக இருந்தால் கண்டிப்பாக அல்ல. தொலைபேசி அழைப்புக்கு நாளும் நேரமும் குறித்து வைக்க வேண்டும். ஒழுங்கில்லாத நீண்ட பேச்சை விட, வாரம் மூன்று முறை அதே நேரத்தில் வரும் பத்து நிமிடம் பிள்ளைக்கு உறுதி. பரிசாக வரும் ஸ்மார்ட்போன் பத்து வயதுப் பிள்ளையின் கையில் நேராகப் போவதைத் தவிர்க்க முடிந்தால் நல்லது.

அடியைப் பற்றி வந்தால் 'அடியாத மாடு படியாது' என்று ஆரம்பித்துவிடுவார்கள். இதில் நாடுகளுக்கிடையே உண்மையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சீனா, இந்தியா, இத்தாலி, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய ஆறு நாடுகளில் 336 தாய் பிள்ளை சோடிகளை ஜெனிபர் லான்ஸ்ஃபோர்டும் கூட்டாளிகளும் ஒப்பிட்டு 2005இல் வெளியிட்டார்கள். அடிப்பது வழக்கமாக உள்ள சமூகத்தில் அடியின் தீங்கு கொஞ்சம் குறைவு, ஏனென்றால் பிள்ளை அதை 'என்னைப் பிடிக்காததால் அடிக்கிறார்கள்' என்று எடுத்துக்கொள்வதில்லை. இதை மட்டும் பிடித்துக்கொண்டு 'நம்ம ஊருக்கு அடி ஒத்துவரும்' என்று சொல்பவர்கள் மறுபாதியைப் படிக்க வேண்டும்: வழக்கமாக உள்ள இடத்திலும், அதிகம் அடி வாங்கும் பிள்ளைகளிடம் மூர்க்கமும் பதற்றமும் கூடவே இருந்தன. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. லயத்தில் நடப்பது பெரும்பாலும் ஒழுங்குபடுத்தும் அடிகூட இல்லை. சம்பள நாள் மாலை, கசிப்பு என்ற கள்ளச்சாராயம் உள்ளே போன பிறகு, யார் மேல் விழுகிறதென்று தெரியாத அடி. எப்போது விழும் என்று ஊகிக்க முடியாத அடிக்குப் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே: வீட்டுக்குத் தாமதமாகப் போவது.

காரணிகள் ஊருக்கு ஊர் உருமாறும் என்பதற்கு இன்னும் இரண்டைத் தொட்டுவிட்டுப் போகலாம். லண்டனில் பெரிய குடும்பம் ஆபத்து, ஏனென்றால் கவனிப்பு பங்குபோடப்படுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எட்டுப் பேர் இருப்பதும் நெரிசல்தான். ஆனால் அந்த எட்டில் ஒரு பாட்டியும் சித்தியும் இருந்தால் கவனிப்பு கூடவும் செய்யும். அடுத்தது பெற்றோரின் பொலிஸ் பதிவு. யாரைப் பொலிஸ் பிடிக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறுவதால், பதிவை மட்டும் நம்பாமல் பிள்ளைகளிடமே ரகசியமாகக் கேட்டறியும் முறையைப் பல நாடுகளின் ஆய்வுகள் பயன்படுத்துகின்றன.

இனி கணக்கு. தனித்தனியாக எடுத்தால் எந்தக் காரணியும் பலவீனமானது. சேரும்போதுதான் பாரமாகிறது. நூறு பையன்களில் இருபது பேர் நாலைந்து சுமையோடு இருப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அவர்களில் பாதிப் பேர், பத்துப் பேர், சிக்கலில் மாட்டுகிறார்கள். சுமை குறைந்த எண்பது பேரில் எட்டில் ஒருவர் மாட்டினால் அதுவும் பத்துப் பேர். அப்படியானால் சுமையுள்ள இருபது பேரையும் 'வருங்காலக் கள்ளன்' என்று குறித்து வைத்தவர் பத்துப் பேருக்கு அநியாயம் செய்திருப்பார், மாட்டிய இருபதில் பாதியைத் தவறவும் விட்டிருப்பார். ஆபத்துக் காரணி என்பது உதவியை எங்கே முதலில் கொண்டுபோவது என்பதற்கான குறி. அந்தப் பட்டியல் ஆசிரியர் ஓய்வறையில் பேச்சாக மாறிய நாளில் அது தீங்கு.

பாடசாலையில் இதை நடத்த வருகைப் பதிவேடு போதும். எத்தனை நாள் வரவில்லை என்பதோடு எந்த நாட்கள் என்றும் பார்க்க வேண்டும். சம்பள நாளுக்கு மறுநாள் திரும்பத் திரும்ப வராத பிள்ளை வீட்டில் குடியையும் சண்டையையும் காட்டுகிறது. கொழுந்து மும்முரமான வாரங்களில் வராத பெண் பிள்ளை தம்பி தங்கையைப் பார்க்க நிறுத்தப்பட்டிருக்கிறாள். எந்த ஒழுங்குமில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறையும் பையன் பஜாரில் இருக்கிறான். தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் நான்காம் நாள் ஒருவர் லயத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் அனுப்பினால் அதற்குள் பையன் கொழும்புக் கடையொன்றில் வேலைக்கு நின்றிருப்பான். பதினாறு வயதுவரை படிப்பு கட்டாயம் என்று 2016இலும், பதினாறுக்குக் கீழ் வேலைக்கு வைக்கக்கூடாதென்று 2021இலும் சட்டம் வந்துவிட்டது, ஆனால் கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் சட்டம் தானாக நடக்காது. மூன்றாம் வகுப்பு முடியும்போது ஒரு பத்தியை வாசிக்க முடியாத பிள்ளைகளின் பெயரை எடுத்து, தினமும் இருபது நிமிடம் தனியாக வாசிக்க வைப்பது, ஒன்பதாம் வகுப்பில் போதைப்பொருள் பற்றிப் பேச்சாளர் அழைப்பதை விடப் பலன் தரும்.

நல்லெண்ணத்தோடு செய்து கெடுத்தவையும் உண்டு. பொஸ்டனுக்குப் பக்கத்தில் 1939 முதல் 1945 வரை நடந்த ஒரு பெரிய முயற்சியில் 506 பையன்களைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒருவனுக்கு ஆலோசனையும் கோடைமுகாமும் கொடுத்து, மற்றவனை விட்டுவிட்டார்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மக்கோர்ட் தேடிப் பார்த்தபோது உதவி பெற்றவர்களின் நிலையே மோசமாக இருந்தது, திரும்பத் திரும்ப முகாமுக்குப் போனவர்கள் குறிப்பாக. அடங்காத பையன்களை ஒன்றாகக் கூட்டினால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள். 'பிரச்சினைப் பிள்ளைகளுக்கு' என்று தனி வகுப்பு, தனிக் கிரிக்கெட் அணி, தனி முகாம் வைக்கும்போது இதை மறக்கக்கூடாது. அணியில் மூன்று பங்கு சாதாரணப் பிள்ளைகளும் ஒரு பங்கு அவர்களும் இருக்கட்டும். சிறைச்சாலையைக் காட்டிப் பயமுறுத்தும் திட்டங்களும் சோதித்துப் பார்க்கப்பட்டவைதான். அவை குற்றத்தைக் குறைக்கவில்லை, கூட்டின.

பிள்ளை ஏற்கனவே பிடிபட்டிருந்தால் முதலில் வேண்டியது பிறப்புச் சான்றிதழ். 2018இன் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குக் குற்றப்பொறுப்பு இல்லை. 12க்கும் 14க்கும் இடையில் அவனுடைய முதிர்ச்சியைப் பார்த்துத் தீர்மானிக்கப்படும். சான்றிதழ் இல்லாவிட்டால் வயதை வைத்தியர் மதிப்பிட வேண்டிவரும், ஒரு வருடம் முன்பின் ஆனாலும் முடிவு மாறிவிடும். நீதிமன்றத்துக்கு நன்னடத்தை உத்தியோகத்தர் கொடுக்கும் அறிக்கையில் வீடு, பாடசாலை, உடல்நலம், நடத்தை எல்லாம் வரும். அவர் வரும் நாளில் தொழிற்சங்கத் தலைவரை மட்டும் முன்னால் நிறுத்திப் பயனில்லை. பிள்ளையை எடுத்துப் பார்த்துக்கொள்ளப்போகிற ஆள், அம்மாயியோ மாமாவோ, நேரில் நின்று, எங்கே படுப்பான், எத்தனை மணிக்கு யார் கூட்டி வருவார் என்று சொல்ல முடிய வேண்டும். வகுப்பாசிரியர் கையெழுத்திட்ட வருகை விபரம் ஒரு தாளில் இருந்தால் இன்னும் நல்லது. விடுதலையாகி வந்த பிறகு 'இங்கே இனி வேண்டாம்' என்று பாடசாலை சொன்னால், பேச்சோடு திரும்பி வராமல் அதை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அன்றைக்கே வலயக் கல்விப் பணிமனைக்குப் போய், பிள்ளையின் பெயர் பாடசாலை இடாப்பிலிருந்து (பெயர்ப் பதிவேட்டிலிருந்து) வெட்டப்படவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.